பத்துப் பேருக்கு ஒரு குப்பி

மார்ச் 11, செவ்வாய்

இன்றைய தவறு: அண்ணனின் படிவத்தை அவனைக் கேட்காமல் நானே நிரப்பிவிட்டேன்.

சின்னத் தவறுதான். ஆனாலும் மாலை வகுப்பில் சொன்னபடி முதலில் தவறைத்தான் எழுத வேண்டும். தேதி, தவறு, நடந்தது, நாளைய வேலை. இந்த வரிசை மாறக் கூடாது, ஒரு பக்கத்தைத் தாண்டவும் கூடாது. அலுவலக நிர்வாகச் சான்றிதழில் இந்தக் குறிப்பேட்டுக்குப் பத்து மதிப்பெண். வகுப்பில் மற்றவர்கள் பரீட்சைக்கு முந்தின நாள் உட்கார்ந்து மூன்று மாதத்தையும் ஒரே பேனாவில் எழுதித் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அது வராது. ஒருநாள் விட்டாலும் வாசல் கதவைப் பூட்டாமல் வந்ததுபோல் இருக்கும்.

நடந்தது: வெளிநாடு போகிறவர்களுக்குத் தடுப்பூசி போடும் நிலையத்தில் எனக்கு முன்மேசை வேலை. ஊசிக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட படிவம் உண்டு. முட்டை ஒத்துக்கொள்ளுமா, வலிப்பு வந்திருக்கிறதா, கர்ப்பமா, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று போகும். வழக்கமாக இதை யாரும் கேட்பதில்லை. பன்னிரண்டுக்கும் ‘இல்லை’ என்று கோடு இழுத்துக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நான் வந்த பிறகு முந்தின நாளே ஒவ்வொருவருக்கும் போன் செய்து, பன்னிரண்டையும் கேட்டு, பென்சிலில் குறித்துக்கொள்கிறேன். மறுநாள் ஆளை நேரில் உட்கார வைத்துக் காட்டிய பிறகுதான் பேனா. “வேலையை வளர்க்குறதுக்குன்னே பொறந்திருக்கா” என்கிறார் மேலாளர். வீட்டில் எனக்கு வைத்த பெயர் ஸ்கேல். ஒருநாள் அண்ணன் நிலைய வாசலில் நின்று அப்படிக் கூப்பிட்டதை நர்ஸ் அக்கா கேட்டுவிட்டார். இப்போது அங்கேயும் ஸ்கேலுதான்.

நாளை வருகிற பத்துப் பேரும் வெல்டர்கள், ஒரே ஏஜென்ட் அனுப்புகிறவர்கள். வெளிநாட்டில் ஓர் ஆற்று முகத்துவாரத்தில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் இரண்டு வருட வேலை. அந்த நாட்டில் மஞ்சள் காய்ச்சல் இருக்கிறது. ஊசி போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் புத்தகம் இல்லாமல் விமான நிலையத்தை விட்டு வெளியே விடமாட்டார்கள். புத்தகமும் ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் செல்லும். விமானம் 22ஆம் தேதி. அதனால் நாளைதான் கடைசி நாள்.

அந்தப் பத்துப் பேரில் அண்ணனும் ஒருவன். ஏஜென்ட் வாரா வாரம் எங்கள் நிலையத்துக்கு வருகிறவர் என்பதால், வேலை இருக்கிறது என்று அவனுக்குச் சொன்னதே நான்தான். ஒன்பது பேருக்குப் போன் செய்தேன். பத்தாவது படிவத்தைக் கையில் எடுத்ததும், ‘அண்ணன்தானே, எனக்குத் தெரியாததா’ என்று பன்னிரண்டுக்கும் ‘இல்லை’ போட்டேன். பேனாவிலேயே போட்டேன்.

நாளைய வேலை: காலை எட்டரைக்குக் குளிர்பெட்டியின் வெப்பநிலை எழுத வேண்டும். பத்துப் படிவங்களையும் வரிசைப்படுத்த வேண்டும்.

மார்ச் 12, புதன்

இன்றைய தவறு: நேற்றையதேதான். ‘சின்னத் தவறு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அடிக்கப் போவதில்லை. அப்படியே இருக்கட்டும்.

இன்று ஒரு பக்கத்தில் அடங்காது. மதிப்பெண் போனால் போகட்டும். வகுப்பு தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபத்தில் எழுத்து சாய்கிறது.

நடந்தது:

ஒன்பதே முக்காலுக்கு ஏஜென்ட் பத்துப் பேரோடு வந்தார். தோளில் எப்போதும் ஒரு தோல் பை, அதில் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் இருக்கும். அந்தப் பையை யாரிடமும் கொடுக்கமாட்டார். கழிப்பறைக்குப் போனாலும் கூடவே போகும். எங்கள் கூடம் அகலமில்லாதது. சுவரோரமாக இரண்டு வரிசை பிளாஸ்டிக் நாற்காலி, மூலையில் தண்ணீர்க் குடுவை, உள்ளே டாக்டர் அறை, அதற்குப் பக்கத்தில் ஊசி அறை. பத்து வெல்டர்கள் உட்கார்ந்ததும் மூச்சுவிட இடமில்லாமல் ஆனது.

அவர்களில் ஒருவரை மற்றவர்கள் ‘மைக்’ என்று கூப்பிட்டார்கள். காரணம் கேட்க வேண்டியதில்லை.

“ஏம்மா, எனக்கு ஏழு வருஷத்துக்கு முன்னாடியே காமாலை வந்துட்டுப் போயிடுச்சு. இனிமே வராது. எனக்கு ஊசி வேண்டாம், புத்தகம் மட்டும் குடு” என்றார்.

“அது காமாலை. இது காய்ச்சல். ரெண்டும் வேற.”

“ரெண்டும் மஞ்சள்தானே?”

“உங்க சட்டையும் மஞ்சள்தான்” என்றார் உள்ளிருந்து நர்ஸ் அக்கா. “அதுக்காகவா ஊசி போடுறோம்? உக்காருங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்திருந்தான். குளிருகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என்னவோ நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். பத்துப் பேரையும் அறைக்குள் கூப்பிட்டு ஒன்றாக நிற்க வைத்தார். இது அவருடைய முறை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டால் மத்தியானம் ஆகிவிடுமாம்.

“யாருக்காவது பெரிய வியாதி, மாத்திரை, அலர்ஜி? இல்லையே? இருந்தா இப்பவே சொல்லிடுங்க.”

“இல்ல சார்” என்று பத்துப் பேரும் பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல் சேர்ந்து சொன்னார்கள். பத்துக் கையெழுத்து. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம்.

இங்கே குப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஞ்சள் காய்ச்சல் மருந்து பொடியாக ஒரு சின்னக் குப்பியில் வருகிறது. ஒரு குப்பி பத்துப் பேருக்கு. நீர் மருந்தைச் சேர்த்துக் கலக்கிவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சியது குப்பைக்கு. அதனால் பத்துப் பேர் சேராமல் குப்பியைத் திறக்கக் கூடாது என்பது மேலாளரின் உத்தரவு. பதிவேட்டில் கடைசிக் கட்டத்துக்கு ‘வீணானது’ என்று பெயர். அந்தக் கட்டத்தில் பதினான்கு மாதமாகப் பூஜ்யம். அதற்காகத் தலைமை அலுவலகம் பாராட்டுக் கடிதமும் ஒரு சுவர்க் கடிகாரமும் அனுப்பியிருக்கிறது. நான் நேரம் பார்த்ததே அந்தக் கடிகாரத்தில்தான். இந்த வாரத்துக்கு வந்திருந்தது ஒரே ஒரு குப்பி.

பத்தேகாலுக்கு அண்ணி போன் செய்தார்.

“உங்க அண்ணன் போனை எடுக்கல. ஊசி போட்டாச்சா?”

“இன்னும் இல்ல அண்ணி. இப்பதான் டாக்டர் பாத்தார்.”

“அப்ப டாக்டர்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லும்மா. அலமாரியத் தொடைக்கும்போது பாத்தேன், ஞாயிறு மாத்திரை ரெண்டு வாரத்துக்கு அப்படியே இருக்கு. ஊசிக்காக நிறுத்தச் சொன்னாங்களா, இல்ல மறந்துட்டாரா?”

“என்ன மாத்திரை?”

“மூட்டுக்குத்தான். ஞாயித்துக்கிழமை மட்டும் போடுவாரே.”

படிவத்தின் ஏழாவது கேள்வி மாத்திரையைப் பற்றியது என்பது ஞாபகம் வந்தது.

“உனக்குத் தெரியும்ல?” என்றார் அண்ணி. குரல் மாறிவிட்டது. “உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்னாரு. ஸ்கேலு டாக்டர்கிட்ட கேட்டுட்டா, ஒண்ணும் பிரச்சினை இல்லன்னுட்டாங்கன்னு சொன்னாரு. அதனாலதான் நான் நிம்மதியா விட்டேன்.”

அட்டையில் இருக்கும் பெயரைப் படிக்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒவ்வோர் எழுத்தாக ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு ஊசி அறைக்குப் போனேன். நர்ஸ் அக்கா பஞ்சு பிரித்துக்கொண்டிருந்தார். குப்பி தட்டில் இருந்தது. கலக்கவில்லை. தாளைப் பார்த்ததும் கையில் இருந்த பஞ்சைக் கீழே வைத்தார்.

“யாருக்கு?”

“அண்ணனுக்கு.”

“இந்த ஊசில உயிரோட இருக்குற கிருமியத்தான் போடுறோம், பலவீனப்படுத்தி. உடம்பு அதை எதிர்த்துக் கத்துக்கணும். இந்த மாத்திரை உடம்போட எதிர்ப்பையே அமுக்கி வைக்கிறது. இவருக்குப் போட்டா ஊசியே நோயாயிடலாம்.”

“ரெண்டு வாரமா சாப்பிடலையாம்.”

“ரெண்டு வாரமெல்லாம் பத்தாது, மாசக் கணக்கு. அதையும் அவரைப் பாக்குற டாக்டர்தான் சொல்லணும். நீ கேக்கலையா? எல்லாரையும் கேப்பியே.”

நேராகக் கூடத்துக்குப் போய் அண்ணனைச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக மாடிப்படிப் பக்கம் கூட்டிப் போனேன்.

“ஞாயிறு மாத்திரைன்னா என்ன அண்ணா?”

அவன் முகம் ஒரு கணம்தான் மாறியது. “யாரு, உங்க அண்ணியா? அவ வாய்க்குப் பூட்டே கிடையாது.”

“எத்தனை நாளா?”

“ஒன்றரை வருஷம். அம்மாகிட்ட சொல்லிடாத.”

“ஏன் நிறுத்தின?”

“ஏஜென்ட்தான் சொன்னார். ரெண்டு வாரம் நிறுத்துனா ரத்தத்துல இருக்காது, கேட்டா இல்லன்னு சொல்லிடுன்னார். எத்தனையோ பேர் அப்படித்தான் போயிருக்காங்களாம்.”

“அவர் என்ன டாக்டரா? தோல் பையில பாஸ்போர்ட் வெச்சிருந்தா டாக்டராயிடுவாரா?”

“கத்தாத. ஒன்பது பேர் உக்காந்திருக்கான். நான் ஒருத்தன் எந்திரிச்சுப் போனா குப்பியத் திறக்க மாட்டாங்க, உனக்கே தெரியும். ஒன்பது பேர் பொழப்புல மண்ணள்ளிப் போடச் சொல்றியா?”

“அண்ணிகிட்ட என் பேரச் சொல்லியிருக்க.”

“உன் பேரச் சொன்னாதான் அவ நம்புவா.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: “நேத்து ராத்திரி வரைக்கும் பயந்துக்கிட்டுதான் இருந்தேன், நீ போன் பண்ணி ஏழாவது கேள்வியக் கேட்டுடுவியோன்னு. உன்கிட்ட பொய் சொல்ல எனக்கு வராது. நீ கேக்கல. நல்லதாப் போச்சு.”

அந்த ‘நல்லதாப் போச்சு’வைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்தது. அவன்மேல் வந்த கோபமா என்மேல் வந்த கோபமா என்று பிரித்து எழுத முடியவில்லை. டாக்டர் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன்.

டாக்டர் படிவத்தை எடுத்துப் பார்த்தார். “ஏழாவதுக்கு ‘இல்லை’ன்னு இருக்கே. உன் கையெழுத்துதானே இது?”

“ஆமா சார். கேக்காமப் போட்டுட்டேன். தப்பு என்னோடதுதான். நீங்களும் கேக்கல சார்.”

கடைசி வாக்கியம் எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார். மேலாளரைக் கூப்பிட்டார். மேலாளர் வந்தார், பின்னாலேயே ஏஜென்ட்டும் வந்தார். கதவு திறந்தே இருந்ததால் கூடம் முழுக்கச் செய்தி போய்விட்டது.

“பத்து இல்லன்னா குப்பி இல்ல” என்றார் மேலாளர். “அடுத்த புதன்கிழமை வரட்டும். நான் என்ன பண்ண?”

“அடுத்த புதன்னா பத்தொன்பது. எங்க ஃப்ளைட் இருபத்திரெண்டு” என்று மைக் வாசலில் வந்து நின்றார். “யோவ், கடைசி சேரு! உனக்கு வியாதின்னா வீட்டுல படுக்க வேண்டியதுதானே? எங்களையும் சேத்து ஏன்யா படுக்க வைக்கிற?”

“ஒன்பது பேருக்குத் திறக்கலாம் சார்” என்றேன். “திறக்கக் கூடாதுன்னு எந்த விதியும் இல்ல. அதுக்குத்தானே ‘வீணானது’ன்னு ஒரு கட்டமே இருக்கு.”

“விதி எனக்குத் தெரியும். நீ உன் மேசையப் பாரு.”

அப்போதுதான் ஏஜென்ட் பேசினார். அவர் குரல் எப்போதும் உயராது.

“எதுக்கு எல்லாரும் சூடாகுறீங்க? யாருக்கும் நஷ்டமில்லாம ஒரு வழி சொல்றேன். அவருக்கு ஊசி போட வேண்டாம். ஒன்பது பேருக்குப் போடுங்க. பத்தாவது டோஸை வாஷ்பேசின்ல ஊத்திடுங்க. பதிவேட்டுல பத்துன்னு எழுதுங்க. பத்துப் புத்தகத்துலயும் முத்திரை. உங்க கணக்கும் சுத்தம், இவரும் ஊருக்குப் போயிடுவார்.”

மேலாளர் முகவாயைத் தடவினார். டாக்டருக்குத் திடீரென்று தன் போனில் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. மைக் “அட, இது நல்லாருக்கே” என்றார். அவர் பின்னால் நின்ற அண்ணனின் முகத்தில் காலையிலிருந்து இல்லாத வெளிச்சம் வந்தது.

எல்லாருக்கும் சந்தோஷம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இங்கே ஒரு முழு ஆளையே ஒரு முத்திரைக்கு அடியில் மறைக்கப் பார்த்தார்கள். அதற்கு அந்த ஆளும் தலையாட்டினான்.

“அங்க அவருக்கு அந்தக் காய்ச்சல் வந்தா?” என்று கேட்டேன்.

“மேடம், கொசு எல்லாரையுமா கடிக்குது?” என்றார் ஏஜென்ட்.

“இல்ல, கொசு புத்தகத்தைப் பிரிச்சு முத்திரையப் பாத்துட்டு, அப்புறம்தான் கடிக்கும்” என்றார் நர்ஸ் அக்கா. அவர் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. அண்ணனைப் பார்த்துப் பேசினார்: “தம்பி, அந்தக் காய்ச்சல் முத்துனா கல்லீரல் போகும். வாயிலயும் மூக்குலயும் ரத்தம் வரும். வந்தபிறகு குணப்படுத்த மருந்தே கிடையாது, தடுக்க மட்டும்தான் முடியும். உங்க மாத்திரையோட உங்க உடம்பு எதையும் தாங்காது. தெரிஞ்சுதான் தலையாட்டுறீங்களா?”

அண்ணன் தரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். “ஸ்கேலு” என்றான், கெஞ்சுகிற குரலில். “எழுதிடு.”

பதிவேடு என் மேசையில் இருந்தது. முத்திரை என் இழுப்பறையில், சாவி என் கழுத்தில். இந்த நிலையத்தில் என் அதிகாரத்தில் இருப்பது இவை மட்டும்தான். எல்லாரும் என் பின்னால் கூடத்துக்கு வந்தார்கள். நான் உட்கார்ந்தேன்.

“எழுதும்மா, சொந்த அண்ணனுக்குத்தானே!” என்றார் மைக். “ஊர்ல தங்கச்சிங்க என்னென்னவோ பண்ணுதுங்க.”

பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் டாக்டர் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அதனால் எழுதுவதற்கு முன் எப்போதும் இரண்டு முறை யோசிப்பேன். இன்று யோசிக்கவில்லை. தேதி போட்டேன். குப்பி எண் போட்டேன். ‘போடப்பட்டது’ என்ற கட்டத்தில் 9. ‘வீணானது’ என்ற கட்டத்தில் 1. அழுத்தி எழுதியதில் அடுத்த பக்கத்திலும் தடம் விழுந்தது.

மேலாளர் பார்த்துவிட்டு, “என்ன எழுதியிருக்க?” என்றார்.

“நடக்கப் போறத எழுதியிருக்கேன் சார். மாத்தணும்னா பக்கத்துல காரணம் எழுதி டாக்டர் கையெழுத்துப் போடணும். என்ன காரணம்னு சொல்லுங்க, எழுதிடலாம்.”

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டார். அவர் எந்தக் காரணத்தையும் எழுதப் போவதில்லை என்று எல்லாருக்கும் புரிந்தது. ஊசி அறையிலிருந்து நர்ஸ் அக்காவின் குரல் வந்தது: “கலக்கிட்டேன்! முதல் ஆள் வாங்க. ஆறு மணி நேரம்தான் இருக்கு, அப்புறம் சண்டை போட்டுக்கலாம்.”

மைக்தான் முதலில் ஓடினார்.

ஒன்பது பேருக்கும் பதினொன்றரைக்குள் முடிந்தது. ஊசி போட்டவர்கள் அரை மணி நேரம் கூடத்தில் உட்கார வேண்டும். அந்த அரை மணி நேரமும் அண்ணன் அவர்களோடு உட்கார்ந்திருந்தான். எழுந்து போகவும் முடியாமல், பேசவும் முடியாமல். “கவலைப்படாத, கப்பல் போட்டோ அனுப்புறோம்” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். காலையில் அண்ணன் இவர்களோடு சேர்ந்து சிரித்தவன். எனக்கு அந்த மஞ்சள் புத்தகங்களை எல்லாம் சேர்த்து அவர்கள் மூஞ்சியில் வீச வேண்டும்போல் இருந்தது. வீசவில்லை. ஒவ்வொன்றாகப் பெயர் சரிபார்த்து முத்திரை போட்டுக் கொடுத்தேன்.

இடையில் அண்ணனின் படிவத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். ஏழாவது கேள்வியில் ‘இல்லை’யை ஒற்றைக் கோட்டால் அடித்து ‘ஆம்’ என்று எழுதியிருந்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே, “உடம்பு காரணமா ஊசி போட முடியாதுன்னு புத்தகத்துலயே ஒரு பக்கம் உண்டு. அவர் டாக்டர் கடிதம் குடுத்தா நான் எழுதித் தர்றேன். அந்த நாடு ஒத்துக்குமாங்கிறது வேற விஷயம். ஒத்துக்கிட்டாலும் அங்க போறது நல்லதில்ல” என்றார். காலையிலேயே இதைச் சொல்லத் தெரிந்த ஆள் இவர். அந்த நான்கு நிமிடத்தோடு ஐந்தாவது நிமிடம் ஒன்றையும் செலவழித்திருந்தால் போதும்.

ஏஜென்ட் போகும்போது மேசையில் கை ஊன்றிச் சொன்னார்: “அவர் புத்தகம் வருதான்னு வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் வேற ஆள். என்கிட்ட வெல்டருக்கா பஞ்சம்?”

“எங்கண்ணன மாத்திரைய நிறுத்தச் சொன்னது நீங்கதானே?”

“நான் எதுவும் சொல்லலையே மேடம். எழுத்துல இருக்கா?”

பையைத் தோளில் சரிசெய்துகொண்டு போய்விட்டார். எழுத்தில் எதுவும் இல்லை. எழுத்தில் இருப்பது நான் போட்ட பன்னிரண்டு ‘இல்லை’கள் மட்டும்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்போல.

மேலாளர் நான்கு மணிக்கு ஒரு தாளை நீட்டினார். உத்தரவின்றிக் குப்பியைத் திறக்கக் காரணமாக இருந்ததற்கும், தவறான படிவம் தயாரித்ததற்கும் நாளை பகல் பன்னிரண்டு மணிக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டுமாம். இரண்டாவது குற்றச்சாட்டு உண்மை. முதலாவதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதத் தெரிந்தாலும் கோபம் இல்லாமல் எழுத வருமா என்று சந்தேகம்.

வகுப்புக்கு வருகிற வழியில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அண்ணி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். இருவரும் பேசி முடித்துவிட்டார்களா, இனிமேல்தான் தொடங்குகிறார்களா என்று தெரியாத மாதிரி இருந்தது அந்த அறை.

“வா, பதிவேட்டு ராணி” என்றான் அண்ணன். “உன் கணக்கு சுத்தமா இருக்கணும். அதுக்கு என் வேலை போகணும்.”

“கணக்கு சுத்தமா இல்ல அண்ணா. நான்தான் அதுல முதல் தடவையா ஒண்ணு போட்டேன்.”

“போட்டு என்ன கிழிச்ச? பட்டறைல அடுத்த மாசத்தோட என்னை நிறுத்தப் போறாங்க, தெரியுமா? ஒரு இரும்புக் கேட்டுக்கு நாலு நாள் எடுத்துக்குறேனாம். காலையில இந்தக் கை மூடவே மாட்டேங்குது. உங்க அண்ணிதான் சட்டைப் பட்டன் போட்டுவிடுறா. அங்க எல்லாம் மெஷின் வெல்டிங், கைக்கு வேலையே இல்லன்னு ஏஜென்ட் சொன்னார்.”

“அவர் சொன்னதுல இன்னைக்கு வரைக்கும் எது உண்மையா இருந்துச்சு?” என்றார் அண்ணி.

“நீ பேசாத. நீ போன் பண்ணாம இருந்திருந்தா…”

“பண்ணாம இருந்திருந்தா ஊசி போட்டிருப்பாங்க. நான் இங்க உக்காந்து ஊசிக் காய்ச்சல்னு ஈரத்துணி போட்டுக்கிட்டு இருந்திருப்பேன், எதுக்குப் போடுறேன்னே தெரியாம!” அண்ணி கத்தி நான் கேட்டதில்லை. “என்கிட்ட இவ பேர வெச்சுப் பொய். இவகிட்ட வாயத் திறக்காம ஒரு பொய். டாக்டர்கிட்ட கூட்டத்தோட ஒரு பொய். யாருக்காக? எங்களுக்காகன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எனக்குக் கெட்ட கோபம் வரும்.”

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் முதுகைப் பார்த்தபடி நான் நின்றேன். ஒன்று கேட்டுக்கொள்கிறேன், பதில் தெரியாமலே எழுதுகிறேன்: நான் அந்த ஒன்றை அவனுக்காக எழுதினேனா, இல்லை பொய்யை எழுதினால் எனக்குத் தூக்கம் வராது என்பதற்காக எழுதினேனா? பத்தாவது ஆள் வேறு யாரோவாக இருந்து, முத்திரையை மட்டும் கேட்டிருந்தால் மறுத்திருப்பேனா? மறுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நேற்று நான் நினைத்ததும் இப்படித்தான் உறுதியாக இருந்தது.

அண்ணி வாசல் வரை வந்தார். “மூட்டு டாக்டர் நாளைக்கு வர்ற நாள். ஏழரைக்கு டோக்கன் குடுப்பாங்க. ரெண்டு வாரம் விட்டதுக்கு என்ன பண்ணணும்னு கேக்கணும். கடிதமும் கேக்கணும். ஊசி தேவைப்படாத நாட்டுல இந்தக் கைக்கு ஏத்த வேலை இருந்தா பாக்கலாம், அதுக்கும் அவர் ஒரு வார்த்தை எழுதிக் குடுக்கணும்.”

“அண்ணன் வருவானா?”

“வர்றதுக்கு அவரைக் கேக்கல நான்” என்றார் அண்ணி. உள்ளே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார். உள்ளேயிருந்து மறுப்பு எதுவும் வரவில்லை. சம்மதமும் வரவில்லை.

வகுப்பில் விளக்குப் போட்டுவிட்டார்கள். ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

நாளைய வேலை: காலை ஏழு மணிக்கு மூட்டு மருத்துவமனைக்குப் போய் வரிசையில் நின்று அண்ணன் பெயரில் டோக்கன் எடுக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் மேலாளருக்கு விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும். அதில் ஏஜென்ட் சொன்ன வழியையும், அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்கள் யார் யார் என்பதையும் எழுத வேண்டும். இரண்டு பிரதி.